பேராசிரியரான பி.டி. மாஸ்டர்: ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஸ்டாக்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆரம்ப காலப் பயிற்சியாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை 41 சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் வேறு ஊர்களில் போய் 98 வயது வரை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1862 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிறந்தவர். 1965 மார்ச் 17 அன்று 102 வயதில் இறந்தார். மறுநாள்தான் சோவியத் வீரர் லியனோவ் விண்கலத்தைவிட்டு வெளியே வந்து, முதல் ஆளாக விண்வெளியில் மிதந்தார். இவ்வளவு நீண்ட ஆயுள் அவருக்கு.

விளையாட்டு ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது 314 வெற்றிகள், புதுப்புது உத்திகள் என்று அடுக்குவார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. விளையாட்டுப் பயிற்சியாளரைப் பேராசிரியர்களுக்குச் சமமாக உட்கார வைத்த முதல் ஆள் அவர்தான் என்பார்கள். அதனால் விளைந்த நல்லதும் கெட்டதும் இன்றுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் இருக்கின்றன.

கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்தா?

இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்து இரண்டு முனையும் கூராக, முட்டை மாதிரி இருக்கும். அணிக்கு 11 பேர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடியோ வீசியோ எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணிக்காரர்கள் இடித்து, கட்டிப்பிடித்து, கீழே சாய்ப்பார்கள். கபடியில் பாடிப் போனவனை நாலு பேர் மடக்குகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு பிடிபடும். ஸ்டாக் ஆடத் தொடங்கிய காலத்தில் பந்தை முன்னோக்கி வீச அனுமதி கிடையாது. தலையில் கவசமும் கிடையாது. எல்லாம் தள்ளுமுள்ளுதான்.

எந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர்?

நியூ ஜெர்சி மாநிலம், வெஸ்ட் ஆரஞ்ச். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. வேலை செய்துகொண்டே படித்ததால் பள்ளிப் படிப்பு முடிய இருபது வயது தாண்டிவிட்டது. அதுவும் யேல் பல்கலைக்கழகத்தில் சேரப் போதவில்லை. எக்ஸிட்டர் என்ற ஊரில் உள்ள ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் பள்ளியில் மேலும் கொஞ்சம் படித்துவிட்டு, 1884இல் யேலுக்குப் போனார்.

பணமில்லாமல் யேலில் எப்படிச் சமாளித்தார்?

முதலில் சமாளிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. குளிருக்கு நெருப்பு இல்லாத ஒரு பரண் அறையில் தங்கினார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க, உப்பு பிஸ்கட்டையும் அது போன்றவற்றையும் தின்றே நாளை ஓட்டினார். கொஞ்ச நாளில் உடம்பு படுத்துவிட்டது. ஊட்டச்சத்துக் குறைவு என்றார் மருத்துவர். அப்புறம் மாணவர் உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, அதற்கு ஈடாகச் சாப்பாடு கிடைத்தபின்தான் தேறினார்.

உடம்பைப் பேணுவதில் பிற்காலத்தில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு (புகை கிடையாது, மது கிடையாது, தினமும் ஓட்டம்) மத நம்பிக்கையைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பரண் அறைக் குளிருக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். பட்டினி கிடந்து விழுந்தவனுக்கு உடம்பின் அருமை தெரியும்.

யேலில் கால்பந்து வீரராகத்தான் பேர் வாங்கினாரா?

முதலில் பேஸ்பால். யேல் அணியின் பந்து வீச்சாளர் அவர். ஹார்வர்டையும் பிரின்ஸ்டனையும் வென்று அணி வருஷாவருஷம் பட்டம் வாங்கியதில் அவர் கைக்குப் பெரிய பங்கு உண்டு. தொழில்முறை அணிகள் வந்து கூப்பிட்டன. செருப்புத் தைப்பவரின் மகனுக்கு அது கனவிலும் காணாத பணம். மறுத்துவிட்டார். அன்றைய தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் சாராயக் கடையும் சூதாட்டமும் சேர்ந்தே இருந்தன. அந்தக் கூட்டத்தில் தனக்கு இடமில்லை என்று அவர் நினைத்தார்.

கால்பந்தில் 'எண்ட்' எனப்படும் ஓரத்து ஆட்டக்காரர். 1889இல் நாட்டிலேயே சிறந்த 11 பேரைப் பொறுக்கி முதல் 'ஆல் அமெரிக்கா' அணி அறிவிக்கப்பட்டபோது அதில் அவர் பெயரும் இருந்தது. உயரமோ எடையோ பெரிதாக இல்லாதவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதிரியார் ஆகத்தானே போனார்? ஏன் பாதியில் விட்டார்?

பேச வராது. அவ்வளவுதான்.

யேல் இறையியல் பள்ளியில் சேர்ந்து படித்தார். ஆனால் மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிரசங்கம் செய்யத் தெரியாத பாதிரியார் எதற்கு என்று அவரே யோசித்து, பையன்களை நல்வழிப்படுத்த மைதானம் போதும் என்று முடிவுக்கு வந்தார். 'கட்டுடல் கிறிஸ்தவம்' என்று அன்று ஓர் அலை அடித்துக்கொண்டிருந்தது. வலுவான உடம்பும் நல்லொழுக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது அதன் கொள்கை. ஸ்டாக் அந்த அலையில் வந்தவர்.

கூடைப்பந்து பிறந்த இடத்தில் இவருக்கு என்ன வேலை?

இது பலருக்குத் தெரியாத சுவையான பகுதி. 1890இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். லூதர் குலிக் அங்கே உடற்கல்வித் துறையின் தலைவர். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்ததே மனிதன் என்று ஒரு முக்கோணச் சின்னத்தை உருவாக்கியவர். ஸ்டாக் அங்கே ஒரு கால்பந்து அணியைத் திரட்டினார். அந்த அணியின் நடு ஆட்டக்காரர் யார் தெரியுமா? கனடாவிலிருந்து வந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். "என்னை ஏன் நடுவில் நிறுத்துகிறாய்?" என்று நெய்ஸ்மித் கேட்க, "மிக மோசமான காரியத்தையும் மிகக் கண்ணியமாகச் செய்ய உன்னால்தான் முடியும்" என்கிற தொனியில் ஸ்டாக் பதில் சொன்னாராம்.

அதே நெய்ஸ்மித்தான் 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5–1 என்று வென்றார்கள். ஆசிரியர்கள் போட்ட அந்த ஒரே கூடை ஸ்டாக் போட்டது. கூடைப்பந்தா, கால்பந்தா என்று மறந்துபோய் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார் என்றும் சொல்வார்கள்.

இந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் சென்னைக்கும் நேரான தொடர்பு உண்டு. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். நந்தனம் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த வளாகம் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பி.டி. மாஸ்டர்களை உருவாக்கிய இடம் அது. ஸ்டாக் நின்று பந்து உதைத்த அதே முற்றத்தின் பாடம்தான், முப்பது வருஷம் கழித்து, கடல் தாண்டி நம் பள்ளி மைதானங்களுக்கு வந்து சேர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகப் போனவர் பக். அமெரிக்க ஓட்டக்காரர்களுக்கான பயிற்சியாளர்களில் ஒருவராக ஸ்டாக்கும் அங்கே இருந்தார்.

சிகாகோவில் வேலை கிடைத்தது எப்படி?

யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் சிகாகோவில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் எழும்பியபோது அதன் முதல் தலைவராக அவரைப் போட்டார்கள். ஹார்ப்பர் தன் பழைய மாணவனை நியூயார்க்கில் ஒரு ஓட்டலுக்கு வரச்சொன்னார்.

வருஷத்துக்கு 1,500 டாலர் தருகிறேன், உடற்பயிற்சித் துறையைப் பார்த்துக்கொள் என்றார். ஸ்டாக் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொகை பிடிக்கவில்லை போல என்று நினைத்த ஹார்ப்பர் 2,000 டாலர், உதவிப் பேராசிரியர் பதவி என்று ஏற்றினார். இவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கடைசியில் 2,500 டாலர், இணைப் பேராசிரியர் பதவி, ஆயுள் முழுக்க நியமனம் என்று வந்து நின்றது. ஸ்டாக் பேரம் பேசவே இல்லை, சும்மா யோசித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது கதை. பேச வராதது ஒரு தடவையாவது உதவியது.

அமெரிக்காவில் இப்படி நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் விளையாட்டுப் பயிற்சியாளர் இவர்தான் என்கிறார்கள்.

பேராசிரியர் பதவி அவ்வளவு முக்கியமா? பயிற்சியாளர் என்றாலே போதாதா?

போதாது. அன்றைக்கு மற்ற கல்லூரிகளில் பயிற்சியாளர் என்றால், பெரும்பாலும் படிப்பு முடித்த பழைய வீரர் ஒருவர். சீசனுக்கு வந்து, சொல்லிக்கொடுத்து, கூலி வாங்கிக்கொண்டு போவார். அல்லது மாணவர் தலைவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். ஸ்டாக்கின் நிலை அப்படியில்லை. அவர் ஒரு துறைத் தலைவர். தன் துறைக்கென்று வரவு செலவு உண்டு. ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலி உண்டு. மாணவர்கள் அத்தனை பேரும், கால்பந்து ஆடாதவர்களும் சேர்த்து, உடற்பயிற்சி வகுப்புக்குக் கட்டாயம் வர வேண்டும்.

நம் பள்ளிகளில் நடப்பது தெரிந்ததுதான். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார், பி.டி. மாஸ்டரும் மறுக்க மாட்டார். நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் போனது. பந்து அலமாரியில், நாங்கள் வகுப்பில். ஸ்டாக்கின் பீரியடை அப்படி யாரும் கேட்டு வாங்க முடியவில்லை. கேட்கும் அதிகாரம் உள்ளவரும் அவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வருஷம் எப்படி இருந்தது?

1892 அக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தது. பக்கத்திலேயே 1893 உலகக் கண்காட்சிக்கான கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மாணவர்கள் கொஞ்சம் பேர், அணிக்கு ஆள் கூடச் சரியாகத் தேறவில்லை. ஆகவே பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடினார். தொடக்கத்தில் மோதியது உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணிகளோடு. மைதானம் அமைக்க மார்ஷல் ஃபீல்டு என்ற பெரிய வணிகர் நிலம் கொடுத்தார். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலி அடித்தார் ஸ்டாக். அந்த இடத்துக்கு முதலில் வணிகரின் பெயரும் பிற்பாடு ஸ்டாக்கின் பெயரும் வந்தன. இரண்டே வருஷத்தில் அணியை ரயிலேற்றி கலிஃபோர்னியாவுக்கே கூட்டிப்போனார். 1894 கிறிஸ்துமஸ் அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை வென்றார்கள். ஒரு கல்லூரி அணி விளையாடுவதற்காக நாட்டின் பாதியைக் கடந்து போவது அன்று கேள்விப்படாத விஷயம்.

அவர் என்னென்ன கண்டுபிடித்தார்? பட்டியல் உண்மைதானா?

பட்டியல் நீளமானது, கொஞ்சம் ஊதியதும்கூட. நிச்சயமாகச் சொல்லத்தக்கது, எதிராளியை மடக்கிப் பழகும் பொம்மை. யேல் உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டு அதன்மேல் பாயச் சொன்னார். பையன்கள் ஒருவரை ஒருவர் உடைத்துக்கொள்ளாமல் பழக முடிந்தது. பேஸ்பாலுக்கு வலைக்கூண்டு கட்டி அதற்குள் மட்டையடித்துப் பழகுவதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சட்டையில் எண், பந்து எடுக்குமுன் ஆட்டக்காரர் ஒருவர் பக்கவாட்டில் நகர்வது, ஓரத்து ஆட்டக்காரர் சுற்றிவந்து பந்து வாங்கி ஓடுவது என்று இன்னும் பல. நீச்சல் குளத்தின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால்கூட அவருடைய யோசனை என்கிறார்கள்.

ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடித் தலையைக் குனிந்து ரகசியம் பேசும் 'ஹடில்' விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரி அணி 1890களிலேயே அப்படிக் கூடியது. தங்கள் கைச்சைகையை எதிரணி பார்த்துவிடக் கூடாதே என்றுதான். அந்தக் காரணம் எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஒரே யோசனை பலருக்கு ஒரே காலத்தில் வருவதும் உண்டு. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னி, கால்பந்தில் எல்லாமே ஸ்டாக்கிடமிருந்து வந்தது என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறார். ராக்னியின் பயிற்சியாளரான ஜெஸ்ஸி ஹார்ப்பரே ஸ்டாக்கின் மாணவர் என்பதால் குரு பரம்பரை மரியாதை என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

1905இல் என்ன நடந்தது?

இரண்டு கதைகள் சேர்ந்தே நடந்தன.

ஒன்று களத்தில். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சி கொடுத்த மிச்சிகன் அணி 56 ஆட்டங்களாகத் தோற்கவே இல்லை. அந்த வருஷம் கடைசி ஆட்டம் வரை ஒரு புள்ளிகூட யாருக்கும் கொடுக்கவில்லை. நவம்பர் 30, நன்றி நவிலும் நாள், சிகாகோவில் ஆட்டம். இரண்டு பக்கமும் சளைக்காமல் மோதிக்கொண்டிருந்தன. சிகாகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்தைப் பிடித்த மிச்சிகன் ஆட்டக்காரர் தன் எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டார். அப்படி மடக்கினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. சிகாகோ 2–0 என்று வென்றது. சீசன் முழுக்க 495 புள்ளி எடுத்த அணி, எதிரிகளுக்கு மொத்தமாகக் கொடுத்தது அந்த இரண்டுதான். அந்த இரண்டில் பட்டம் போனது.

இன்னொரு கதை இருண்டது. அதே சீசனில் நாடெங்கும் 18 பேருக்குக் குறையாமல் கால்பந்து ஆடி இறந்திருந்தார்கள், பலர் பள்ளிப் பையன்கள். அக்டோபரிலேயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து ஒழுங்குபடுத்தச் சொன்னார். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீசலாம், மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும் என்றிருந்தது பத்துக் கெஜம் ஆயிற்று. குவியலாக முட்டி மோதுவதை விட்டு, பரந்து ஓடி ஆடத் தூண்டும் மாற்றங்கள் இவை. விதிக்குழுவில் 1904 முதலே ஸ்டாக் உறுப்பினர். புதிய வீச்சை மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்தபோது அவர் உடனே உட்கார்ந்து டஜன் கணக்கில் உத்திகள் வரைந்தார். அவர் பகுதிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஆட்டங்களின் எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்து, முதல் வருஷ மாணவர் ஆடக் கூடாது என்றது. மிச்சிகன் கோபித்துக்கொண்டு வெளியேறியது. சிகாகோ அடங்கி இருந்து 1907, 1908, 1913 என்று பட்டம் வென்றது.

இவ்வளவு ஒழுக்கம் பேசியவர், ஆள் பிடிப்பதில் நேர்மையாக இருந்தாரா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் ஸ்டாக் வரலாறுகள் உண்டு. தவிர்க்கக் கூடாது.

1905 நவம்பரில் காலியர்ஸ் பத்திரிகையில் எட்வர்ட் ஜோர்டன் என்பவர் ஒரு தொடர் எழுதினார். பல்கலைக்கழகங்கள் கால்பந்து வெற்றியை எப்படி விலைக்கு வாங்குகின்றன என்பதே பொருள். அதில் சிகாகோவுக்குப் பெரிய பங்கு. எக்கர்சால் கல்லூரியில் சேரத் தேவையான பாடங்களைப் பள்ளியில் முடிக்காமலேயே சேர்க்கப்பட்டதாக அது எழுதியது. எக்கர்சால் கடைசிவரை படிப்பை முடித்துப் பட்டம் வாங்கவில்லை என்பதும் உண்மை. அவர் படித்த ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளி சிகாகோ வளாகத்தை ஒட்டியது. அந்தப் பள்ளி அணி 1902இல் ஸ்டாக்கின் மைதானத்திலேயே புரூக்ளினிலிருந்து வந்த ஒரு பள்ளியை 105–0 என்று நசுக்கியது. திறமை எங்கே விளைகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. 1922இல் பிரின்ஸ்டனோடு சிகாகோவில் ஒரு ஆட்டம். 18–7 என்று முன்னால் நின்ற சிகாகோ, கடைசியில் 18–21 என்று பின்தங்கியது. எல்லைக்கோட்டுக்கு வெகு அருகில் வந்து, ஒரே ஒரு முயற்சி பாக்கி. மாற்று ஆட்டக்காரர் ஒருவரை உள்ளே அனுப்பி, இப்படிச் செய் என்று சொல்லி அனுப்பலாம். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். வெளியிலிருந்து உத்தி சொல்லி அனுப்புவதை விதி விரும்பவில்லை என்பதால் ஸ்டாக் அனுப்பவில்லை. பையன்கள் நேராக முட்டினார்கள், நின்றுபோனார்கள், தோற்றார்கள்.

இரண்டும் ஒரே ஆள்தான். களத்துக்குள் அவர் விதியின் எழுத்தைக்கூட மீற மாட்டார். களத்துக்கு வெளியே, தன் துறைக்கும் தன் அணிக்கும் என்று வந்தால் கல்லூரி நிர்வாகத்தை எவ்வளவு வளைக்க முடியுமோ வளைத்தார். பேராசிரியர் நாற்காலி கொடுத்த செல்வாக்கு அதற்கும் பயன்பட்டது.

பள்ளிகளுக்கு அவர் என்ன செய்தார்?

நிறைய. 1893லேயே ஹென்றி வில்லியம்ஸுடன் சேர்ந்து பள்ளி, கல்லூரி அணிகளுக்கென்று படங்களோடு ஒரு கால்பந்துப் பாடநூல் எழுதினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், எப்படி நகர வேண்டும் என்று வரைபடம் போட்டு விளக்கிய ஆரம்ப நூல்களில் அது ஒன்று. பயிற்சியாளர் இல்லாத ஊர்ப் பள்ளிக்கு அந்தப் புத்தகமே பயிற்சியாளர்.

1902 முதல் பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டியைச் சிகாகோவில் நடத்தினார். 1917இல் தேசிய அளவில் பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கினார். முதல் உலகப் போரால் இடையில் நின்றாலும் 1920 முதல் 1930 வரை அது தொடர்ந்தது. சின்னச் சின்ன ஊர்களிலிருந்து அணிகள் ரயிலில் வந்து இறங்கின. அந்தப் பையன்களில் பலர் அதற்கு முன்பு தங்கள் மாநிலத்தைத் தாண்டியதே இல்லை.

அப்புறம் பள்ளிக் கல்வியாளர்களே எதிர்த்தார்கள். படிப்பைக் கெடுக்கிறது, இத்தனை சின்ன வயதில் தேசியப் பட்டம் எதற்கு, இது கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் சந்தைதானே என்று கேட்டார்கள். 1930க்குப் பிறகு போட்டி நின்றது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ரயில் பயணம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

பையன்களைத் திட்டுவாரா?

திட்டுவார், ஆனால் கெட்ட வார்த்தை வராது. அவருடைய உச்சபட்ச வசவு 'கழுதை'. தப்பு பெரிதானால் 'இரட்டைக் கழுதை'. அதற்கும் மேல் 'மூன்று கழுதை'. நம் ஊர் வாத்தியார்களுக்கு இந்த விஷயத்தில் அவரோடு நல்ல ஒத்துப்போகும்.

குத்தலும் வரும். ஹெர்பர்ட் கிரைஸ்லர் என்று ஒரு மாணவன் தொடர்ந்து சொதப்பிக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற உலகப் புகழ் வயலின் மேதை அப்போது இருந்தார். இன்று முதல் உன்னையும் ஃபிரிட்ஸ் என்றே கூப்பிடப் போகிறேன், நீ அவருக்கு நேர் எதிர் என்பது உனக்கு மறக்காமல் இருக்கட்டும் என்றார் ஸ்டாக். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஃபிரிட்ஸ் பிற்காலத்தில் பிரின்ஸ்டனுக்கும் மிச்சிகனுக்கும் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார்.

குடும்பம்?

1894 செப்டம்பரில் ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். அவர் சிகாகோ மாணவி. மூன்று பிள்ளைகள்: ஏமஸ் அலோன்சோ இளையவர், ரூத், பால். ஸ்டெல்லா வீட்டோடு நின்றவர் இல்லை. ஆட்டங்களைக் குறிப்பெடுப்பார், எதிரணியின் உத்திகளை வரைபடமாகத் தருவார். கணவனுக்கு எழுபது வருஷம் உதவிப் பயிற்சியாளர் என்றே சொல்லலாம், சம்பளம் மட்டும் கிடையாது. 1964இல் இறந்தார். எட்டு மாதத்தில் ஸ்டாக்கும் போனார்.

சிகாகோவை விட்டு ஏன் போனார்?

போகச் சொன்னார்கள். எழுபது வயதில் ஓய்வு என்பது பல்கலைக்கழக விதி. 1929இல் தலைவராக வந்த ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ், விளையாட்டைக் காட்டிலும் பாடத்தைப் பெரிதாக நினைத்தவர். அணியும் தேய்ந்துகொண்டிருந்தது. 1924இல் ரெட் கிரேஞ்ச் என்ற புயல் இருந்த இல்லினாய் அணியோடு 21–21 என்று சமன் செய்து பட்டம் வாங்கியதுதான் கடைசிப் பெரிய வெற்றி. பந்தைக் கிரேஞ்ச் கையில் சேரவே விடாமல், மெல்ல மெல்ல நகர்ந்து நேரத்தைத் தின்பது அன்று ஸ்டாக் போட்ட திட்டம்.

மேசை வேலை ஒன்று தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். ஓய்வு பெறும் எண்ணமே அவருக்கு இல்லை.

எழுபதுக்குப் பிறகு என்ன செய்தார்?

கலிஃபோர்னியா, ஸ்டாக்டன் நகரம், பசிஃபிக் கல்லூரி. 1933 முதல் 1946 வரை. சின்னக் கல்லூரி, பெரிய அணிகளோடு மோதல். வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஆனால் 1938இல் அந்த அணியைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்கே வந்தார். தன் பெயர் தாங்கிய மைதானத்தில், தன்னை அனுப்பிய பல்கலைக்கழகத்தை 32–0 என்று அடித்தார். அவர் என்ன நினைத்தாரோ, படித்த எனக்குத் திருப்தியாக இருந்தது.

1943இல் கடற்படைப் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் கல்லூரியில் சேர்ந்ததால் அணி பலமானது. அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று சக பயிற்சியாளர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 81. 1946க்குப் பிறகு ஆலோசகராக ஒதுங்கி இருக்கச் சொன்னபோது, பென்சில்வேனியாவில் சஸ்குஹானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த மகனுக்கு உதவப் போய்விட்டார். 1951இல் அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஸ்டெல்லாவின் உடல்நிலை காரணமாக ஸ்டாக்டனிலேயே தங்க நேர்ந்ததும், அங்கிருந்த இளநிலைக் கல்லூரியில் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். 1960இல், 98 வயதில், போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் மைதானத்தில் அணு உலை கட்டினார்களாமே?

ஆமாம். 1939 டிசம்பரில் ஹட்சின்ஸ் கால்பந்தையே ஒழித்துவிட்டார். ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கம் சும்மா கிடந்தது. மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு பந்தடி அறை இருந்தது. அங்கேதான் என்ரிகோ ஃபெர்மியும் குழுவினரும் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, 1942 டிசம்பர் 2 அன்று மனிதனால் உண்டாக்கப்பட்ட முதல் தொடர் அணுவினையை நடத்தினார்கள். இயற்பியல் புத்தகங்களில் ஸ்டாக் பெயர் வருவது அதனால்தான். மேடையை 1957இல் இடித்தார்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய நூலகம்.

314 வெற்றிகள் என்பது இன்றும் சாதனையா?

இல்லை. 1981 நவம்பரில் அலபாமா பயிற்சியாளர் 'பேர்' பிரையண்ட் 315ஆவது வெற்றியோடு அதைத் தாண்டினார். கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் ஸ்டாக் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் 1951இல் சேர்க்கப்பட்டார். கூடைப்பந்துப் புகழ்க்கூடத்திலும் 1959இல் இடம் கிடைத்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இப்போது கால்பந்து உண்டா?

உண்டு. 1969இல் மறுபடி தொடங்கினார்கள், ஆனால் இப்போது ஆடுவது மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் படிக்க வந்த பையன்கள், சாயங்காலம் மைதானத்துக்குப் போவார்கள், கொஞ்சம் பேர் வந்து பார்ப்பார்கள். அந்த மூன்றாம் பிரிவின் தேசிய இறுதி ஆட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்டாக் கிண்ணம்.